எஃபெக்டிவ் டேட்டும் தப்பு, ரேட்டிங்கும் குறைவு: வி.ஏ. முடிவை எதிர்த்து முறையிடும்போது எதை முதலில் எடுப்பது?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவர், தேவையான திறன்கள் கொண்ட வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தில் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்து, 2023 ஜூன் 30 அன்று பணியிலிருந்து விலகியவர். 2024 மே 20 அன்று வி.ஏ. (அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறை) தளத்தில் லாகின் செய்து, உடல் பாதிப்புக்கான கோரிக்கைப் படிவத்தைத் தொடங்கிப் பாதியில் சேமித்து வைத்தார். 2025 பிப்ரவரி 10 அன்றுதான் அதே படிவத்தை முடித்து அனுப்பினார். பி.டி.எஸ்.டி.க்கு (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்) 30, இடுப்புப் பகுதி முதுகெலும்புக்கு 20, வலது முழங்காலுக்கு 10 சதவீதம் ரேட்டிங் என்று முடிவு வந்தது, வி.ஏ. கணக்கு முறைப்படி மொத்தம் 50. மூன்றுக்கும் எஃபெக்டிவ் டேட், அதாவது இழப்பீட்டு உரிமை தொடங்கும் நாள், 2025 பிப்ரவரி 10. "ரேட்டிங்கைக் கூட்டச் சொல்லிக் கேட்கலாமா, தேதியை மாற்ற முடியுமா, எதை முதலில் செய்வது?"

தேதியை முதலில் எடுங்கள். பெரும்பாலானவர்கள் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் வழக்கில் கையெட்டும் தூரத்தில் இருப்பது தேதிதான். அதற்குப் புதிய மருத்துவச் சான்று எதுவும் தேவைப்படாது.

எஃபெக்டிவ் டேட்டின் பொது விதி: கோரிக்கை வந்து சேர்ந்த நாள், பாதிப்பு உண்மையில் ஏற்பட்ட நாள், இவற்றில் எது பிந்தையதோ அது. இதற்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. பணியிலிருந்து விலகி ஓராண்டுக்குள் கோரிக்கை வந்துவிட்டால், விலகியதற்கு மறுநாளே எஃபெக்டிவ் டேட். நீங்கள் 2024 மே 20 அன்று லாகின் செய்து படிவத்தைத் தொடங்கியபோதே 'இன்டென்ட் டு ஃபைல்', அதாவது கோரிக்கை கொடுக்கப்போகிறேன் என்ற முன்னறிவிப்பு, தானாகப் பதிவாகியிருக்க வேண்டும். அந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் முழுக் கோரிக்கையைக் கொடுத்தால், கோரிக்கை அந்த முதல் நாளிலேயே வந்ததாகக் கணக்கு. உங்களுக்கு 2025 மே 20 வரை நேரம் இருந்தது, பிப்ரவரியிலேயே கொடுத்துவிட்டீர்கள். ஆக, சட்டப்படி உங்கள் கோரிக்கை நாள் 2024 மே 20. அது 2023 ஜூன் 30க்குப் பிந்தைய ஓராண்டுக்குள் வருகிறது. அப்படியானால் எஃபெக்டிவ் டேட் 2024 மே 20 கூட இல்லை, 2023 ஜூலை 1.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். எஃபெக்டிவ் டேட் விழும் மாதத்துக்கு அடுத்த மாத முதல் தேதியிலிருந்துதான் பணம் ஓடத் தொடங்கும். இப்போதைய முடிவுப்படி 2025 மார்ச் 1 முதல். சரியான தேதிப்படி 2023 ஆகஸ்ட் 1 முதல். இடையில் 19 மாதங்கள். சார்ந்திருப்போர் யாரும் இல்லாதவருக்கு 50 சதவீத விகிதம் 2023இல் மாதம் 1,041.82 டாலர், 2023 டிசம்பர் முதல் 1,075.16, 2024 டிசம்பர் முதல் 1,102.04. கூட்டினால் 20,375 டாலர் வருகிறது. வரி கிடையாது.

இந்தத் தேதி ஏன் தவறிப்போகிறது? ஒரு இன்டென்ட் டு ஃபைல் ஒரே ஒரு முழுக் கோரிக்கையைத்தான் தாங்கும். காதில் இரைச்சலுக்கு மட்டும் அவசரமாக ஒரு கோரிக்கை போட்டு, இடுப்பையும் பி.டி.எஸ்.டி.யையும் பிறகு தனியாகப் போட்டவர்களுக்கு முதல் கோரிக்கையே அதைத் தின்றுவிடும். லாகின் செய்யாமல் படிவத்தை நிரப்பியிருந்தால் பதிவே ஆகாது. இணையத்தில் தொடங்கிவிட்டு, கடைசியில் காகிதத்தில் நிரப்பித் தபாலில் அனுப்பினால், இரண்டையும் பொருத்திப் பார்க்க முடிவெழுதுபவர் தவறலாம். ஆகவே எதையும் அனுப்புவதற்கு முன் இன்டென்ட் டு ஃபைல் பதிவான நாளை உறுதி செய்யுங்கள். வி.ஏ. அனுப்பிய ஒப்புகைக் கடிதம் இருந்தால் போதும். இல்லாவிட்டால் 1-800-827-1000க்குப் பேசிக் கேளுங்கள். கூடவே 20-10206 படிவத்தில் உங்கள் முழுக் கோப்பையும் கேளுங்கள். 'சி-ஃபைல்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதில் மருத்துவப் பரிசோதகர் நிரப்பிய அறிக்கை, பாதிப்பு, சதவீதம், தேதி ஆகியவற்றைப் பட்டியலிடும் முடிவின் கோட் ஷீட் எல்லாம் இருக்கும். கையில் வரத் தாமதமாகும் என்பதால் இன்றே கேட்டுவிடுவது நல்லது.

தேதி விஷயத்தில் வி.ஏ. சொல்லக்கூடிய முக்கிய எதிர்வாதம், 'பாதிப்பு அப்போது இல்லை' என்பது. பி.டி.எஸ்.டி. என்று மருத்துவர் முதன்முதலில் எழுதியது 2024 நவம்பரில் என்றால், அந்த நாளையே பாதிப்பு தொடங்கிய நாளாக எழுதிவிடுவதுண்டு. அது சரியல்ல. மெக்ராத் எதிர் கோபர் வழக்கில் 2000இலேயே முன்னாள் படைவீரர் முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: சான்று எப்போது எழுதப்பட்டது என்பது கேள்வியல்ல, அந்தச் சான்று எந்தக் காலத்துப் பாதிப்பைக் காட்டுகிறது என்பதே கேள்வி. 2023இல் தூக்கமின்மைக்கு மாத்திரை வாங்கிய ரசீதும், பணியிலிருந்து விலகும்போது நடந்த பரிசோதனையில் நீங்கள் டிக் செய்த அறிகுறிகளும் இங்கே பேசும்.

இப்போது வழிகள். 2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறையில் உள்ள முறைப்படி மூன்று பாதைகள் உண்டு. 20-0996 படிவத்தில் ஹையர் லெவல் ரிவ்யூ: மூத்த அதிகாரி ஒருவர் அதே கோப்பை முதலிலிருந்து பார்ப்பார், புதுச் சான்று எதையும் ஏற்கமாட்டார். 20-0995 படிவத்தில் சப்ளிமென்டல் கிளெய்ம்: புதியதும் பொருத்தமானதுமான சான்று ஒன்றாவது வேண்டும். 10182 படிவத்தில் போர்டு, அதாவது முன்னாள் படைவீரர் முறையீட்டு வாரியம்: சட்ட நீதிபதி முன் முறையீடு. முடிவுக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஓராண்டு கெடு. கடிதத்தை எப்போது பிரித்தீர்கள் என்பது கணக்கில் வராது.

இங்கே பலரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. 'தேதியை ஹையர் லெவலுக்கும், ரேட்டிங்கைச் சப்ளிமென்டலுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடலாமே' என்று தோன்றும். விதி அதற்கு இடம் தராது. ஒரு நோய்க்கான இழப்பீடு முழுவதும் ஒரே பிரச்சினையாகக் கருதப்படுகிறது. முழங்காலை ஒரு பாதையிலும் பி.டி.எஸ்.டி.யை வேறு பாதையிலும் அனுப்பலாம். ஆனால் பி.டி.எஸ்.டி.யின் தேதி ஒரு பாதையிலும் பி.டி.எஸ்.டி.யின் சதவீதம் இன்னொன்றிலும் ஒரே சமயத்தில் போக முடியாது.

அதனால் நான் சொல்லும் வரிசை: முதலில் மூன்று பாதிப்புகளுக்கும் ஹையர் லெவல் ரிவ்யூ. தேதித் தவறைத் திருத்தத் தேவையானது ஏற்கெனவே கோப்பில் இருப்பதால் இந்தப் பாதை அதற்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தும். அது நடந்துகொண்டிருக்கும்போதே ரேட்டிங்குக்கான சான்றுகளைச் சேருங்கள். ரிவ்யூ முடிவு வந்த நாளிலிருந்து மீண்டும் ஓராண்டு கிடைக்கும். அதற்குள் சப்ளிமென்டல் போட்டால் பழைய கோரிக்கை நாள் அப்படியே நிற்கும். ஒவ்வொரு முடிவுக்குப் பின்னும் ஓராண்டுக்குள் அடுத்த படிவம் போய்க்கொண்டே இருந்தால் 2023 ஜூலை 1 உங்கள் கையை விட்டுப் போகாது. ஒரு முறை ஒரு நாள் தவறினாலும் சங்கிலி அறுந்துவிடும். அதன் பிறகும் சப்ளிமென்டல் போடலாம், வெல்லவும் செய்யலாம். ஆனால் பணம் அந்தப் புதிய படிவம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான்.

ஹையர் லெவல் முடிவை மறுபடியும் ஹையர் லெவலுக்கு எடுத்துப்போக முடியாது. அடுத்தது சப்ளிமென்டலாகவோ போர்டாகவோதான் இருக்க வேண்டும். இன்னொரு பொறி: ரேட்டிங் குறைவு என்று கோபத்தில் முதலில் கோரிக்கை வைத்த 526 படிவத்தையே மீண்டும் நிரப்பி 'கூடுதல் கேட்கிறேன்' என்று அனுப்பிவிடாதீர்கள். அதைப் புதுக் கோரிக்கையாக எடுத்துக்கொள்வார்கள். பாதிப்பு கூடியதற்குச் சான்று இருந்தால் அதிகபட்சம் ஓராண்டு பின்னே போகும், 2023 வரை போகாது.

0996 படிவத்தில் 'பி.டி.எஸ்.டி.' என்று மட்டும் எழுதி விடாதீர்கள். 'பி.டி.எஸ்.டி.: எஃபெக்டிவ் டேட்டும் சதவீதமும்' என்று மூன்றுக்கும் தனித்தனி வரியில், முடிவுக் கடிதத்தின் தேதியோடு எழுதுங்கள். இன்ஃபார்மல் கான்ஃபரன்ஸ் வேண்டும் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். அது ஒரு தொலைபேசி உரையாடல். புதுச் சான்றைச் சொல்ல அல்ல, பழைய முடிவில் எங்கே பிழை என்று சுட்டிக்காட்ட. அரைப் பக்கத்துக்கு மேல் தேவையில்லை (டிடி-214 என்பது பணி விலகல் சான்றிதழ், சி.எஃப்.ஆர். என்பது கூட்டாட்சி விதித்தொகுப்பு): 'இன்டென்ட் டு ஃபைல் 2024 மே 20. முழுக் கோரிக்கை 2025 பிப்ரவரி 10. பணி விலகல் 2023 ஜூன் 30, டிடி-214 கோப்பில் உள்ளது. 38 சி.எஃப்.ஆர். 3.155(பி), 3.400(பி)(2) ஆகியவற்றின்படி எஃபெக்டிவ் டேட் 2023 ஜூலை 1 ஆக வேண்டும்.' இதை நிதானமாக வாசித்தாலே போதும். படையில் பட்ட கஷ்டத்தை விவரிக்கும் இடம் இதுவல்ல.

ரேட்டிங்கிலும் கோப்பை வைத்தே பிடிக்கக்கூடிய பிழைகள் இருந்தால் அதே அழைப்பில் சொல்லுங்கள். இடுப்பு விஷயத்தில் நான் முதலில் தேடுவது கால் நரம்பை. முதுகெலும்புக்கான ரேட்டிங் விதியின் முதல் குறிப்பே, நரம்புப் பாதிப்பு இருந்தால் அதைத் தனியாக மதிப்பிடச் சொல்கிறது. பரிசோதகர் தன் அறிக்கையில் 'வலது காலில் மரத்துப்போதல், லேசானது' என்று டிக் செய்திருந்தும் முடிவில் அதற்குத் தனி ரேட்டிங் இல்லையென்றால், அது அப்பட்டமான விடுபடல். லேசான பாதிப்புக்கு 10, நடுத்தரத்துக்கு 20 சதவீதம். இடுப்புக்கு நேரடியாக அடுத்த படியான 40 கிடைக்க, முன்னே குனியும் கோணம் 30 டிகிரிக்குள் நின்றுவிட வேண்டும். அது கடினம். நரம்பு வழிதான் பெரும்பாலும் எளிது.

மூட்டுகளில் இன்னொன்று. வலி அதிகமாகும் நாட்களில் அசைவு எவ்வளவு குறையும் என்ற கேள்விக்குப் பரிசோதகர் 'இன்று அப்படி இல்லை, எனவே ஊகிக்க முடியாது' என்று எழுதிவிட்டுப் போவது வாடிக்கை. ஷார்ப் எதிர் ஷல்கின் தீர்ப்பு 2017இல் வந்ததிலிருந்து அந்த வாக்கியம் தனியாக நிற்காது. நோயாளி சொல்வதையும் பழைய பதிவுகளையும் கேட்டு, அந்த நாட்களின் இழப்பை டிகிரியில் மதிப்பிட முயன்றிருக்க வேண்டும். இப்படிப்பட்ட அறிக்கையைச் சுட்டிக்காட்டினால், ரிவ்யூ அதிகாரி 'உதவும் கடமையில் தவறு' என்று குறித்து மறுபரிசோதனைக்குத் திருப்பி அனுப்புவார். அதுவும் உங்களுக்கு வெற்றியே, தேதியும் காப்பாற்றப்படும்.

எதற்குப் போராடுவது என்று தீர்மானிக்கும் முன் வி.ஏ. கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். 30, 20, 10 என்பது 60 ஆகாது. முதல் 30 போனால் 70 மிச்சம்; அதில் 20 சதவீதம் 14, மொத்தம் 44. மிச்சம் 56இல் 10 சதவீதம் சேர்ந்து கிட்டத்தட்ட 50. கடைசி எண்ணை மட்டும் அருகிலுள்ள பத்துக்கு மாற்றுவார்கள், ஐந்தில் முடிந்தால் மேலே. பி.டி.எஸ்.டி. 30லிருந்து 50 ஆனால் மொத்தம் 64, அதாவது 60. முழங்கால் மட்டும் 10லிருந்து 20 ஆனால் மொத்தம் 55, அதுவும் 60தான். நரம்புக்கு ஒரு 10 சேர்ந்தாலும் அதே 55, அதே 60. பி.டி.எஸ்.டி. 50, முழங்கால் 20 என்று இரண்டும் சேர்ந்தால் 68, அது 70. 2024 டிசம்பர் விகிதத்தில் 60க்கு மாதம் 1,395.93 டாலர், 70க்கு 1,759.19. முழங்காலுக்கு 20 வேண்டுமென்றால் மடக்கும் கோணம் 30 டிகிரியோடு நிற்க வேண்டும், 45இல் நின்றால் 10தான். உங்கள் அறிக்கையில் 100 டிகிரி என்று இருந்தால் அதன் பின்னால் ஓடுவதைவிட நரம்பைப் பாருங்கள்.

பி.டி.எஸ்.டி.க்கு அறிகுறிகளின் பெயர்ப்பட்டியல் முக்கியமல்ல, அவை வேலையையும் உறவுகளையும் எந்த அளவுக்குக் குலைக்கின்றன என்பதே அளவுகோல். 30 என்றால் எப்போதாவது வேலைத்திறன் குறைவது. 50 என்றால் நம்பகத்தன்மையும் உற்பத்தித்திறனும் குறைந்திருப்பது. 70 என்றால் வேலை, குடும்பம், முடிவெடுக்கும் திறன், மனநிலை எனப் பெரும்பாலானவற்றில் குறைபாடு. இங்கே நம் ஆட்கள் தங்களுக்குத் தாங்களே கெடுதல் செய்துகொள்கிறார்கள். மருத்துவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும் 'நல்லா இருக்கேன், பரவாயில்லை' என்று மரியாதைக்காகச் சொல்வோம். கோப்பில் அது 'நோயாளி நலமாக இருப்பதாகக் கூறுகிறார்' என்று ஏறும். முடிவெழுதுபவர் அந்த ஒரு வரியைத்தான் மேற்கோள் காட்டுவார். கூட்டிச் சொல்லவே கூடாது. குறைத்தும் சொல்லக் கூடாது. மோசமான வாரத்தில் என்ன நடக்கிறது, மாதத்தில் அப்படி எத்தனை வாரம் என்று சொல்லுங்கள்.

சப்ளிமென்டலுக்கான மிக நல்ல சான்று பலருக்கு வீட்டிலேயே இருக்கிறது. 21-10210 படிவத்தில் மனைவியோ உடன் வேலை செய்பவரோ எழுதும் வாக்குமூலம். 'அவர் மிகவும் கஷ்டப்படுகிறார்' என்றால் பயனில்லை. 'இரவு 2 மணிக்கு எழுந்து கதவுப் பூட்டுகளைச் சரிபார்க்கிறார், வாரத்தில் நான்கு இரவாவது. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்ததும் காரிலேயே உட்கார்ந்துவிட்டார்' என்று கண்ணால் கண்டதை எழுதச் சொல்லுங்கள். ஊரிலிருக்கும் அம்மா அப்பா தமிழில் எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்துவிடுங்கள். தனியார் மருத்துவர் என்றால் அவர் டி.பி.க்யூ. படிவத்தை (பாதிப்பை விதிப்படி அளக்கும் வி.ஏ. கேள்வித்தாள்) நிரப்பித் தருவது சாதாரணக் கடிதத்தைவிட வலுவானது. தனியார் பதிவுகளை வி.ஏ. தானே வாங்க 21-4142, 21-4142ஏ படிவங்களில் ஒப்புதல் தர வேண்டும். நீங்களே வாங்கி அனுப்பிவிடுவது வேகம்.

தேதி 2023 வரை பின்னோக்கிப் போய்விட்டால் சான்றும் அந்தக் காலத்தைத் தொட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெவ்வேறு காலத்துக்கு வெவ்வேறு சதவீதம் என்று படிப்படியாக ரேட்டிங் தர வி.ஏ.வுக்கு முடியும். 2025இன் நிலையை மட்டும் காட்டினால் 2023, 2024க்கு 30, அதன் பின் 50 என்று பிரித்துவிடுவார்கள். வாக்குமூலங்களில் 'பணியிலிருந்து வந்த முதல் கோடையிலிருந்தே' என்பது போன்ற காலக்குறிப்பு, அது உண்மையாக இருந்தால், கட்டாயம் இருக்கட்டும்.

பாதிப்புகளால் நிரந்தர வேலையே பார்க்க முடியவில்லை என்றால் டி.டி.ஐ.யு. (வேலை பார்க்க இயலாமைக்கான முழு இழப்பீடு) கேட்க 21-8940 படிவத்தையும் சேருங்கள். ஒரே பாதிப்புக்கு 60, அல்லது ஒன்று 40ஆவது இருந்து மொத்தம் 70 என்பது வழக்கமான வாசல். கிடைத்தால் 100 சதவீத விகிதத்தில் பணம்.

ஹையர் லெவலும் சப்ளிமென்டலும் கைவிட்டால் போர்டு. கோப்பை மட்டும் பார்ப்பது, 90 நாளுக்குள் சான்று தருவது, நீதிபதி முன் பேசுவது என்று மூன்று வரிசைகள். பேசும் வரிசைதான் மிக மெதுவாக நகரும். போர்டும் மறுத்தால் முன்னாள் படைவீரர் முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக 120 நாள்தான், ஓராண்டு அல்ல.

ஓராண்டு கெடு ஏற்கெனவே முடிந்துவிட்ட ஒருவர் இதைப் படித்தால்: தேதியை மட்டும் மாற்றச் சொல்லித் தனி மனுப் போட முடியாது என்று ரட் எதிர் நிக்கல்சன் தீர்ப்பு 2006இல் கதவை அடைத்துவிட்டது. மிஞ்சும் முக்கிய வழி 'க்யூ' என்று சொல்லப்படும் அப்பட்டமான, மறுக்க முடியாத பிழை. அன்று கோப்பில் இருந்த சான்றும் அன்றைய சட்டமும் மட்டுமே கணக்கு. பிழை விவாதத்துக்கு இடமற்றதாக இருக்க வேண்டும், அது இல்லாதிருந்தால் முடிவே மாறியிருக்க வேண்டும். சான்றை எடைபோட்ட விதம் தவறு, பரிசோதனை சரியில்லை என்பவை இதில் எடுபடா. கோப்பில் இருந்த இன்டென்ட் டு ஃபைலைப் பார்க்காமல் விட்டது போன்றவை எடுபடும். இன்னொரு வழி அதே விதித்தொகுப்பின் 3.156(சி): முதல் முடிவின்போதே இருந்தும் கோப்புக்கு வராத ராணுவப் பதிவுகள் பின்னால் வந்து சேர்ந்து, அவற்றின் அடிப்படையில் வென்றால், தேதி முதல் கோரிக்கை வரை பின்னே போகலாம்.

முறையிட்டால் இருப்பதையும் குறைத்துவிடுவார்களா என்ற பயம் நியாயமானதே. கோப்பு திறக்கப்படுகிறது, பிழை கண்ணில் பட்டால் குறைக்க முன்மொழிய முடியும். ஆனால் நீங்கள் வாங்கிக்கொண்டிருக்கும் தொகை குறைவதாக இருந்தால் முன்னறிவிப்பும், பதில் சான்று தர 60 நாளும் தந்தாக வேண்டும். முடிவுக் கடிதத்தில் உங்களுக்குச் சாதகமாக எழுதிய கண்டறிதல்கள் அடுத்த அதிகாரியையும் கட்டுப்படுத்தும்.

உதவிக்கு டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதிகள் இலவசம். 21-22 படிவத்தில் அவர்களை நியமிக்கலாம். வழக்கறிஞரோ அங்கீகாரம் பெற்ற ஏஜென்டோ முதல் முடிவு வந்த பிறகே கட்டணம் வாங்கலாம். நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயமானதாகக் கருதப்படும். உங்கள் தேதிப் பிழை மட்டும் என்றால் சுமார் 4,000 டாலரை அதற்காகக் கொடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. போர்டுக்குப் போனால் அப்போது யோசிக்கலாம். ரேட்டிங் கூடினால் கூடிய மாதத் தொகையில் இத்தனை மடங்கு கொடு என்று ஒப்பந்தம் நீட்டும் அங்கீகாரமற்ற நிறுவனங்களிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வி.ஏ.வின் சட்ட அலுவலகத் தளத்தில் பெயரைத் தேடிப் பார்த்தால் அங்கீகாரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, 30 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு மனைவி, குழந்தைகளுக்காகக் கூடுதல் தொகை உண்டு. 21-686சி படிவத்தை ரேட்டிங் முடிவுக் கடிதத்திலிருந்து ஓராண்டுக்குள் கொடுத்தால், அவர்கள் அன்றே குடும்பத்தில் இருந்திருந்தால், அந்தத் தொகையும் எஃபெக்டிவ் டேட் வரை பின்னே போகும். பெற்றோர் பொருளாதார ரீதியாக உங்களைச் சார்ந்திருந்தால் அதற்கு 21பி-509 படிவம். ரிவ்யூ முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் இவற்றை இப்போதே அனுப்பிவிடுங்கள்.